அக்கா வீட்டு சீலிங்

மூன்று வருஷத்துக்கு முன்பு, தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பினாங்கு ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் நடந்தது இது. எங்கள் வீடு ஐந்தாவது மாடி. இதில் வரும் அக்கா வீடு எங்களுக்கு நேர் கீழே, நான்காவது மாடி. யார் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. மற்றவர்கள் பெயரை விட்டது மரியாதைக்காக. என் பெயரை விட்டது பயத்தினால் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. பாயான் லெப்பாஸில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறேன். பெரிய லென்ஸுக்குக் கீழே சர்க்யூட் போர்டுகளை வைத்துப் பார்த்து, கீறலோ கறையோ இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைக்கவேண்டும். அதாவது, குறை கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. வாயும் அப்படித்தான். மனதில் பட்டதை அந்த இடத்திலேயே கொட்டிவிடுவேன். “அவங்க எதுவா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா கேட்டுடுவாங்க” என்று நாலு பேர் சொல்லும்போது எனக்கு உள்ளூரக் குளிர்ந்துபோகும்.

குடிவந்த புதிதில், எங்கள் மாடியில் இருந்த ஒருவர், நான் போடும் சாம்பிராணிப் புகை தன் வீட்டுக்குள் வருகிறது, கதவைச் சாத்திக்கொண்டு போடமுடியுமா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் விட்டேனா? வராந்தாவில் நின்று நான் கத்திய கத்தலில் மேல்மாடி, கீழ்மாடி எல்லாம் எட்டிப் பார்த்தது. அதற்குப் பிறகு அந்த மனிதர் லிஃப்டுக்கு முன்னால் என்னைக் கண்டால் படியில் இறங்கிப் போய்விடுவார். அன்றைக்குக் கீழேயிருந்து ஏறி வந்து, என் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுத்து என்னை அடக்கியவர்தான் இந்த அக்கா. எங்கள் பழக்கம் அப்படி ஆரம்பித்தது. அதன்பிறகு பத்து வருஷமாக அந்தக் கட்டடத்தில் யாரும் என்னிடம் எந்தக் குறையும் சொன்னதில்லை. அதை மரியாதை என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா தமிழ் முஸ்லிம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் சூலியா தெருவில் ஒரு காசு மாற்றும் கடையில் இருந்தவர், காலமாகிப் பல வருஷம் ஆகிறது. ஒரே மகள், கல்யாணமாகி, பாலத்துக்கு அந்தப் பக்கம் கெப்பாலா பத்தாஸில் இருந்தாள். அக்கா ஹாலிலேயே தையல் மெஷினைப் போட்டு, மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங், சுடிதார், ரவிக்கை எல்லாம் தைப்பார். என் அலமாரியில் இருக்கும் ரவிக்கையெல்லாம் அவர் தைத்ததுதான். நோன்பு மாதத்தில் அவர் வீட்டுக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு ஏறி வரும். தீபாவளிக்கு எங்கள் முறுக்கு இறங்கிப் போகும்.

இனி வீடு கழுவுவதைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் வினையே அதில்தான். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்காக முதல் நாள் வியாழக்கிழமை சாயங்காலமே வீடு கழுவிவிடுவது என் வழக்கம். துடைப்பது வேறு, கழுவுவது வேறு. ஆறு வாளித் தண்ணீர். அதில் கை நிறைய மஞ்சள்தூள், கொஞ்சம் கல்லுப்பு. சாமி மேடையிலிருந்து ஆரம்பித்து ஹால் முழுக்க ஊற்றி, துடைப்பத்தால் தேய்த்து, பாத்ரூம் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவேன். ஈரத் துணியால் நாலு இழு இழுத்துவிட்டு வீடு சுத்தமாகிவிட்டது என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். ஹாலுக்குப் புது டைல்ஸ் போட்ட அண்ணன்கூடச் சொன்னார்: “பாத்ரூமுக்கு அடியிலதான்மா தண்ணி எறங்காம இருக்க மருந்து போட்டிருப்பாங்க. ஹாலுக்கு அதெல்லாம் கெடையாது. தொடச்சா போதும்.” உங்கள் வேலையை மட்டும் பாருங்கள் என்று அவரிடமும் சொல்லிவிட்டேன்.

அக்காவோ ஒவ்வொரு வியாழக்கிழமையும் மத்தியானம் எனக்குப் போன் பண்ணுவார். “தங்கச்சி, இன்னிக்கு எத்தன மணிக்கு வீடு கழுவுவே?” என்று கேட்பார். வேலை முடிந்த பிறகு டீ குடிக்க மேலே வரலாமா என்று பார்க்கிறார் என நினைத்துக்கொள்வேன். “அஞ்சரைக்குக்கா, ஆறு மணிக்கு வாங்க” என்பேன். சில நாள் வருவார், பல நாள் வரமாட்டார். அவர் வீட்டு ஹாலில் இருந்த மெஷின் ஒரு நாள் சமையலறைக்குப் போயிருந்தது. “என்னக்கா, கொழம்பு கொதிக்கறதுக்குள்ள ரவிக்க தைக்கிறீங்களா?” என்று கிண்டல் பண்ணினேன். ஹாலில் தொங்கும் துணிகளுக்கெல்லாம் பெரிய பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். ஹால் சீலிங்கோ வருஷத்துக்கு ஒரு தடவை புதுசாகப் பளபளவென்று இருக்கும். அதற்கும் சொன்னேன், “காசு கொட்டிக் கெடக்குது போல, வருஷா வருஷம் சீலிங் மாத்துறீங்க” என்று. அக்கா சிரித்தார். குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். தலையை நிமிர்த்தி ஒரு தடவை, எதற்கு என்று யோசித்திருக்கலாம்.

அந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தேன். விரதம் தொடங்கியதும் வியாழக்கிழமை மட்டும் கழுவினால் போதாது என்று தோன்றிவிட்டது. தினமும் கழுவினேன். ஆறு வாளி எட்டானது. அக்கா தினமும் போன் பண்ணினார். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, “தெனமுமா கழுவுறே தங்கச்சி?” என்று ஒரு மாதிரி மெல்லக் கேட்டார். “சாமி காரியம்க்கா, கணக்குப் பாக்க முடியுமா?” என்றேன். “ஆமா, ஆமா” என்று போனை வைத்துவிட்டார்.

அதற்கு மறுநாள் சாயங்காலம். பாதி ஹால் கழுவிவிட்டு வாளியோடு நிற்கிறேன். கதவுக் கம்பியைப் பிடித்து ஆட்டுகிறார்கள். பார்த்தால் அக்காவின் மகள். நான்கைந்து மாத வயிற்றுப் பிள்ளைக்காரி, அம்மாவைப் பார்க்க வந்திருந்தாள். மாடி ஏறி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

“ஆன்ட்டி, தண்ணிய நிறுத்துங்க. எங்க சீலிங் விழுந்துடுச்சு. ஃபேன்ல பொறி பறக்குது.”

“எங்க வீட்டுத் தண்ணி எப்படி லா ஒங்க வீட்டுக்கு வரும்? ஹாலுக்கு அடியில பைப்பே கெடையாதே.”

“பைப் இல்ல ஆன்ட்டி, நீங்க ஊத்துறீங்களே, அந்தத் தண்ணிதான். மூணு தடவ சீலிங் மாத்திட்டாங்க அம்மா. ஒங்க வாய்க்குப் பயந்துகிட்டு சொல்லாம இருந்தாங்க.”

கடைசி வார்த்தைதான் என்னைத் தூக்கிவிட்டது. வாளியைத் தரையில் வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். “சாமிக்கு வெரதம் இருக்குற வீட்டுல வந்து கழுவாதேன்னு சொல்றியா? நாங்க சாமி கும்பிடறது ஒங்களுக்கெல்லாம் கண்ண உறுத்துதா? அப்படின்னா நேராச் சொல்லு, ஏன் சீலிங்க இழுக்குறே?” என்று ஆரம்பித்து, சொல்லக்கூடாததை எல்லாம் சொன்னேன். கதவுகள் திறந்தன. அந்தப் பெண் நகரவில்லை. “சாமியப் பத்தி நான் எங்க பேசுனேன்?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அதற்குள் அக்கா ஏறி வந்துவிட்டார். தலையில் போட்டிருந்த துணியிலும் தோளிலும் வெள்ளைத் தூள். பிறகுதான் தெரிந்தது, அவர் சாயங்கால அஸர் தொழுகைக்காக அறைக்குள் போனதால்தான் விழுந்த சீலிங் பலகையிலிருந்து அவர் தலை தப்பியது என்று. ஒரு கல்யாணத்துக்காகத் தைத்து முடித்து மேஜைமேல் அடுக்கியிருந்த எட்டு பாஜு கூரோங் அதற்குக் கீழே மாட்டிக்கொண்டன. அந்த நிலைமையில் ஏறி வந்தவர் மகளைப் பின்னால் இழுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சிக்க தங்கச்சி. சின்னப் புள்ள, பதட்டத்துல பேசிட்டா. வெரத நேரத்துல நீ மனசுல வச்சிக்காத.”

வீடு இடிந்தவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு, “பரவால்லக்கா, சொல்லி வைங்க” என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும், “ரெண்டு நாள் கழுவாமத்தான் இருந்து பாரேன்” என்றார். அவரையும் ஒரு பிடி பிடித்தேன். அதோடு நிற்கவில்லை. மறுநாள் காலையிலேயே கட்டடக் கமிட்டியில் இருக்கும் தமிழ் அண்ணனிடம் போய், கீழ்வீட்டில் என்மேல் வீண்பழி போடுகிறார்கள், ஆளைக் கூட்டிவந்து எல்லார் முன்னாலும் பார்த்துச் சொல்லுங்கள் என்று நானே புகார் கொடுத்தேன். எங்கள் கட்டடத்தில் வழக்கம் இதுதான்: தண்ணீர் மேல்வீட்டிலிருந்து இறங்குகிறது என்று தெரிந்தால் செலவு மேல்வீட்டுக்காரருடையது. இல்லையென்றால் யார் வீடோ அவர்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும். கமிட்டியில் பணம் ஏது?

சனிக்கிழமை காலையில் கமிட்டி அண்ணன், ஒரு சீனக் கான்ட்ராக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நான் குளித்து, விபூதி பூசி, நல்ல சேலை கட்டிக்கொண்டு இறங்கிப் போனேன். ஜெயிக்கப் போகிறவள் மாதிரித்தான் போனேன். அக்கா வீட்டு ஹாலைப் பார்த்தபோது கொஞ்சம் திக்கென்றது. சமையலறை ஓரமாக மெஷினைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். நனைந்த பாஜுக்கள் நாற்காலிகளின்மேல் விரித்துக் கிடந்தன, சந்தன நிறத் துணியில் கறை கறையாக மஞ்சள். சீலிங்கில் பாதிப் பலகைதான் இருந்தது. கான்ட்ராக்டர் ஏணி போட்டு ஏறி மீதியையும் கழற்றினார். மேலே காங்கிரீட் தெரிந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அக்கா யாரையோ கூப்பிட்டு விரிசல்களில் சுண்ணாம்பும் வெள்ளைச் சிமெண்டும் குழைத்துப் பூசியிருந்தாராம். அந்த வெள்ளைப் பூச்சின்மேல், ஃபேன் கொக்கியைச் சுற்றியும் விரிசல் போன வழியெல்லாமும், சிவப்பாகக் கோடு கோடாக இறங்கியிருந்தது.

கான்ட்ராக்டர் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிப் பார்த்தார். “காராட் லா அன்ட்டி, பெசி டாலாம்” என்று அக்காவைப் பார்த்து மலாயில் சொன்னார்.

கமிட்டி அண்ணன் தமிழில் எடுத்துச் சொன்னார். “உள்ள இருக்குற கம்பி துருப்புடிச்சிருக்காம்மா. மழத்தண்ணி எங்கிருந்தாவது செவுத்து வழியா வரும். பழைய கட்டடம். மேல்வீட்டு பைப் எதுவும் இந்தப் பக்கம் வரல. அதனால இது உங்க செலவுதான்.”

அது துரு இல்லை.

மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று தமிழ் வீட்டில் பிறந்த எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? கல்யாண வீட்டு வாசலிலும், பிள்ளை பெற்று வந்தவளுக்கும், எத்தனை தடவை இந்தக் கையால் ஆரத்தி கரைத்திருப்பேன்? தட்டில் ஒரு துளி சுண்ணாம்பு விழுந்ததும் மஞ்சள் பிளந்துகொண்டு வருமே, அந்தச் சிவப்பு. என் ஹாலில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் டைல்ஸுக்கு இடையே இறங்கி, காங்கிரீட் விரிசலுக்குள் நுழைந்து, அக்கா காசு கொடுத்துப் பூசிய சுண்ணாம்பைத் தொட்டுச் சிவந்திருக்கிறது. கான்ட்ராக்டருக்கு அது தெரிய நியாயமில்லை. கமிட்டி அண்ணன் ஆம்பிளை, அவரும் ஆரத்தி கரைத்திருக்கமாட்டார்.

அக்காவுக்குத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் அவருக்குக் கால் பிசகி வீங்கியபோது, மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துச் சிவக்கச் சிவக்கச் சூடுபண்ணி, அவர் கணுக்காலில் பற்றுப் போட்டவளே நான்தான். அதே ஹாலில், கீழே உட்கார்ந்துகொண்டு போட்டேன்.

மேலே பார்த்துக்கொண்டிருந்த அக்கா தலையை இறக்கி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் வெறுமனே பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார். பத்து வருஷமாக என்னைத் தெரிந்தவர் இல்லையா, எதுவாக இருந்தாலும் அந்த இடத்திலேயே கொட்டிவிடுகிறவள் என்று நம்பியிருப்பார்.

நான் வாயைத் திறந்தேன். “நான்தான் அப்பவே சொன்னேனேக்கா” என்றேன். “பழைய கட்டடம்னா அப்படித்தான் இருக்கும்.”

அக்கா என்மேல் இருந்த கண்ணை எடுத்தார். பிறகு, “சரி தங்கச்சி” என்றார். உள்ளே போய் எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். எனக்கும் கொடுத்தார். அதையும் குடித்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று நூறு தடவை என்னையே கேட்டிருக்கிறேன். பணம் கொடுக்கவேண்டுமே என்ற எண்ணம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் பணம் வங்கியில் இருந்தது, கொடுத்திருக்கலாம். வராந்தாவில் அத்தனை பேர் முன்னால் சாமியை இழுத்து, மதத்தை இழுத்து, ஒரு வயிற்றுப் பிள்ளைக்காரியை நிற்கவைத்துக் கத்தினேனே, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டுமே. அதற்குத்தான் எனக்கு வக்கில்லை. யாரோ ஒரு கான்ட்ராக்டர் தப்பாகச் சொன்ன ஒரு வார்த்தை கிடைத்தது, அதற்குள் புகுந்து ஒளிந்துகொண்டேன்.

ஐயாயிரத்து இருநூறு வெள்ளி, அதாவது ரிங்கிட், ஆனது அக்காவுக்கு. விரிசலை அடைத்து, வயரை எல்லாம் மாற்றி, புது சீலிங் போட்டதற்கு அவ்வளவு. கல்யாண வீட்டுக்காரர்களின் துணிக்குக் கொடுத்தது தனி. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். ஜெலுத்தோங் பாசாருக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பாதி இடத்தை வாடகைக்கு எடுத்து, தையல் கடை போடவேண்டும் என்று இரண்டு வருஷமாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். இடம் பார்க்க என்னைத்தான் கூட்டிப்போனார். மெஷின் எங்கே, கண்ணாடி எங்கே என்று அந்தக் காலி இடத்தில் நடந்து காட்டினார். அந்தக் கடையை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். இப்போது அங்கே கைப்பேசி உறை விற்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் ஹாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. துணியைப் பிழிந்து துடைத்தேன். வீட்டுக்காரர் ஏன் என்று கேட்டதற்கு இடுப்பு வலி என்றேன். பால்குடம் எடுத்தேன். தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறும்போது கூட்டம் முழுக்க வேல் வேல் என்கிறது, என் வாயும் சொல்கிறது, ஆனால் மனதுக்குள் ஒரே ஒரு கேள்விதான் ஓடியது: யார் வீட்டை நனைத்துவிட்டு யாருக்குப் பால் கொண்டுபோகிறாய்? பாதிப் படியில் உட்கார்ந்து அழுதேன். பக்தியில் அழுகிறேன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் விசிறிவிட்டார்கள்.

நான் கழுவுவதை நிறுத்தியதும் கீழே ஒழுகுவது நின்றுவிட்டது. கான்ட்ராக்டர் கெட்டிக்காரர் என்று கமிட்டி அண்ணன் கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் அக்காவுக்கு அது வேறு மாதிரிச் செய்தி. மேலே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றதுமே, எனக்கும் தெரியும் என்பது அவருக்கு உறுதியாகியிருக்கும். வியாழக்கிழமை போன் வருவது நின்றுபோனது. லிஃப்டில் பார்த்தால் சிரிப்பார், சாப்பிட்டியா என்று கேட்பார். நோன்பு மாதத்தில் கஞ்சி வந்தது, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்பியிருந்தார். நான் பாத்திரத்தில் பழம் வைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கதவைப் பாதிதான் திறந்தார். முறைத்திருந்தாலும் திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அந்த மரியாதையைத் தாங்கமுடியவில்லை.

அந்த வருஷக் கடைசியில் ஒரு நாள், வேலை முடிந்து வந்து கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குக் காத்திருக்கிறேன். கதவு திறந்தால் உள்ளே இரண்டு ஆட்கள், நடுவில் அக்காவின் தையல் மெஷின். எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன். கெப்பாலா பத்தாஸுக்கு, வீட்டை விற்றாகிவிட்டது என்றார்கள். அக்கா முதல் நாளே போய்விட்டிருந்தார். எங்கள் வீட்டைத் தவிர, அந்தக் கட்டடத்தில் எல்லார் வீட்டுக்கும் சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறார்.

பிறகு ஒன்றரை வருஷம் ஓட்டினேன். போன வருஷம், இனி முடியாது என்று வங்கியில் ஐயாயிரத்து இருநூறு வெள்ளி எடுத்து, ஓர் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்தேன். வீட்டுக்காரரிடம் அக்காவின் பேரனைப் பார்க்கவேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு இன்னமும் எதுவும் தெரியாது. கார் பினாங்குப் பாலத்தைத் தாண்டும்வரை சொல்லவேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மகளுடைய வீட்டின் முன்னறையில், ஜன்னலோரம் மெஷினைப் போட்டிருந்தார் அக்கா. பள்ளிக்கூடச் சீருடைகளுக்கு மடிப்பு அவிழ்த்துத் தைத்துக்கொண்டிருந்தார். இங்கே பெரிய வேலை எதுவும் வருவதில்லையாம், யாருக்கும் அவரைத் தெரியாதே. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்தார். “வா தங்கச்சி, எளச்சிட்டியே” என்றார். பேரன் தரையில் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தான். மகள் என்னைப் பார்த்து, “வாங்க” என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போனாள். என்னை ஆன்ட்டி என்று கூப்பிடவில்லை.

வீட்டுக்காரர் குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, உறையை எடுத்து அக்காவின் மடியில் வைத்தேன்.

“என்ன இது?”

“வச்சிக்குங்கக்கா.”

அக்கா உறையைத் திறந்து பார்த்தார். எவ்வளவு இருக்கும் என்று தொட்டுப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பார். குரலை உயர்த்தாமல் கேட்டார். “எதுக்குன்னு சொல்லு தங்கச்சி. வாயால சொல்லு, வாங்கிக்கிறேன்.”

அந்த நேரம் பார்த்து மகள் டீத் தட்டோடு வந்து நின்றாள். வீட்டுக்காரரும் திரும்பிப் பார்த்தார். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

“கொழந்தைக்குத்தான்க்கா” என்றேன்.

அக்கா தலையை ஆட்டினார். உறையிலிருந்து ஒரே ஒரு ஐம்பது வெள்ளி நோட்டை உருவி, பேரனைக் கூப்பிட்டு அவன் கையில் வைத்து மூடினார். மீதியை அப்படியே உறையில் மடித்து, என் கைப்பையைத் திறந்து உள்ளே வைத்து, ஜிப்பையும் இழுத்து மூடினார்.

“கொழந்தைக்கு இது போதும் தங்கச்சி. டீய குடி, ஆறிடும்.”

வரும் வழியில் வீட்டுக்காரர், குழந்தைக்கு எவ்வளவு வைத்தாய் என்று கேட்டார். ஐம்பது என்றேன். அதாவது அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை.

அந்த உறை இன்னும் என் அலமாரியில், அக்கா தைத்த ரவிக்கைகளுக்கு அடியில்தான் இருக்கிறது. செலவு செய்யவும் மனம் வரவில்லை, கோயில் உண்டியலில் போடவும் மனம் வரவில்லை. அது என் பணமும் இல்லை, சாமி பணமும் இல்லை. முகம் தெரியாத உங்கள் எல்லாருக்கும் பக்கம் பக்கமாக எழுத முடிகிற எனக்கு, “அது என் வீட்டு மஞ்சள் தண்ணிதான்க்கா” என்ற ஒரு வரியை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல இன்றுவரை முடியவில்லை. அந்தச் சனிக்கிழமை காலையில் சொல்லியிருந்தால் ஐயாயிரத்து இருநூறு வெள்ளியோடு போயிருக்கும், இப்போது எவ்வளவு கொண்டுபோனாலும் அக்கா அதில் ஐம்பதுதான் எடுத்துக்கொள்வார்.